இரண்டாவது செட்

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, சாதிச் சான்று என்று ஊரார் தலையெழுத்து எல்லாம் என் மெஷினுக்குள் ஒருமுறை போய்த்தான் வெளியே வரும். அந்தக் கடையின் முன்பக்க மூலையை, ஒரு மேசை போடும் அளவுக்கு, வேல்விழிக்கு வாடகைக்கு விட்டேன். பிழைக்கட்டும் என்று விட்டதாக இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அந்த மூலை மழைக்கு ஒழுகும், பேப்பர் அடுக்க முடியாது. அதனால்தான் விட்டேன்.

வேல்விழி பிறந்தது மல்லாங்கிணறு. வானம் பார்த்த காட்டில் கூலிக்குப் போன குடும்பம். பத்தாவது முடித்ததும் விருதுநகரில் ஒரு பாத்திரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெயர் வெட்டுகிற வேலை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கோ சடங்குக்கோ குடம், அண்டா என்று எதைக் கொடுத்தாலும் கொடுத்தவர் பெயர் அதில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து, “அவுக என்னத்தக் கொடுத்தாக?” என்று கேட்டுவிடுவார்கள். பேனா மாதிரி ஒரு கருவி, கரண்டில் உறுமிக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து எவர்சில்வரில் எழுத வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சோறு பிசைய விரல் மடங்காது என்பாள். எட்டு வருஷம் எழுதினாள். ஒருமுறை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரிய மனிதர் சின்னச் சொம்பு ஒன்றைக் கொண்டுவந்து தன் பெயர், பட்டம், பார்த்த பதவி, ஊர், கதவு எண் எல்லாம் வெட்டச் சொன்னாராம். “ஐயா, இதெல்லாம் கொள்ளணும்னா அண்டாதான் வாங்கணும். சொம்புக்கு இனிஷியல் போதும்” என்று சொல்லிவிட்டாள். கடைக்காரர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் வாய் அப்போதிருந்தே அப்படித்தான்.

கல்யாணமாகி அச்சங்குளத்துக்கு வந்தாள். புருஷன் முனியராஜ் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவன். அவள் வாய்க்கும் சேர்த்து அவன் பேசாமல் இருப்பான். கடைக்கு வந்தால், “அண்ணே, நல்லாயிருக்கீகளா?” என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருப்பான். உட்காரச் சொன்னால்கூட இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

விருதுநகரில் கிஃப்ட் கடை போட்டு நொடித்துப்போன ஒருவரிடம் மெஷின் ஒன்று விலைக்கு வந்தது. வேல்விழி தன் காதில் கிடந்த தோட்டைக் கழற்றி விற்று அதை வாங்கினாள். மேசைமேல் வைக்கிற மெஷின், நம் வீட்டு பிரிண்டர் அளவுதான் இருக்கும். லேப்டாப்பில் படம் வரைந்து கொடுத்தால், அதில் மாட்டியிருக்கிற கூர்முனை தகட்டில் கீறிக்கொண்டே போகும். ஒரே கோட்டின்மேல் மூன்று நான்கு தடவை போய்வரும். தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்து இரண்டாகத் தெரியும். அதனால் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டுத்தான் ஓடவிடுவாள். எவர்சில்வருக்கும் இரும்புக்கும் அது ஆகாது. அலுமினியம், பித்தளை, செம்பு மாதிரி இளகின தகட்டுக்குத்தான் ஆகும். கீறி முடித்ததும் தூளைப் பிரஷ்ஷால் தட்டி, கறுப்பு மையைத் தேய்த்துத் துடைத்தால் எழுத்து பளிச்சென்று நிற்கும். சாவி வில்லை, வாசலுக்குப் பெயர்ப் பலகை, பூஜைத் தட்டில் மயில், காலேஜ் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிற ஜோடிப் பெயர். ஆறு மாசத்தில் என் கடைக்கு வருகிற கூட்டத்தில் பாதி அவள் மூலைக்குப் போனது. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். மறைப்பானேன்.

அந்த மூலைக்கு ஒருநாள் பாண்டிச்செல்வம் வந்தார். அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். என் பழைய வாடிக்கையாளர். கம்பெனியின் வருகைப் பதிவேடு மாசாமாசம் என்னிடம்தான் ஜெராக்ஸுக்கு வரும். லைசென்ஸ்படி அங்கே அறுபது பேர்தான் வேலை பார்க்கலாம். காலையில் கேட்டில் டோக்கனை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும், சாயங்காலம் திரும்பத் தொங்கவிட வேண்டும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அதிகாரி வந்தால் டோக்கன் பலகையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அட்டை டோக்கன் வியர்வையில் நைந்துபோகிறது, வெடிமருந்து இருக்கிற இடத்தில் இரும்பு உரசினால் பொறி பறக்கும். அதனால் பித்தளையில் வேண்டும் என்றார். ஓட்டை போட்ட வட்டத் தகடுகளை அவரே சாக்குப்பையில் கொண்டுவந்திருந்தார்.

“ஒண்ணுலருந்து அறுபது வரைக்கும். ஒவ்வொரு நம்பர்லயும் ரெண்டு போடு, ஆத்தா.”

“ரெண்டு எதுக்கு அண்ணாச்சி?”

“தொலைச்சிருவாய்ங்க. ஸ்பேர்.”

அறுபது டோக்கனும் தொலையுமா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. முதல் அறுபதை இரண்டு நாளில் முடித்தாள். எண்ணைச் சுற்றி மெலிசாக ஒரு வளையம், உள்ளே எண், அதன் கீழே கம்பெனிப் பெயரின் முதல் எழுத்து. வேலை அவ்வளவு சுத்தம். இரண்டாவது அறுபது ஓடும்போது முனை மழுங்கிவிட்டது. எண்ணின் ஓரமெல்லாம் பிசிறு தட்டியது. புது முனைக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன், நான்கு நாள் பொறுங்கள் என்றாள். “கழுத்துல தொங்கப் போறதுக்கு என்ன அழகு வேண்டிக்கிடக்கு? சீசன் தொடங்கியாச்சு” என்று பிசிறோடு வாங்கிக்கொண்டு போய்விட்டார் பாண்டிச்செல்வம். அவள் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில் முனியராஜுக்கு வேலை இல்லை. தீப்பெட்டி ஆபீசை மூடிவிட்டார்கள். அவர் எடுத்துப் போனதில் பாக்கியிருந்த கடைசிப் பத்து டோக்கனை முடித்துக் கொடுக்கப் போன இடத்தில் வேல்விழிதான் போர்மேனிடம் கேட்டாள், எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வேலை போட்டுக் கொடுங்கள் என்று. பதிவேட்டுப் புக்கில் இடமில்லை, இரண்டாவது செட்டில் வேண்டுமானால் வரட்டும் என்றார் அவர். அப்போதுதான் ஸ்பேர் என்றால் என்ன என்று அவளுக்கு முழுசாகப் புரிந்தது. புக்கில் அறுபது பேர், உள்ளே நூற்றிப் பத்துப் பேர். ஒரே எண்ணை இரண்டு பேர் மாட்டிக்கொள்வார்கள். அதிகாரி ஜீப் வருகிறது என்று தகவல் வந்தால் இரண்டாவது செட் முழுக்கப் பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் ஓடி உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஜீப் போனதும் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து மருந்து செலுத்த வேண்டும்.

முனியராஜுக்கு இருபத்து மூன்று கிடைத்தது. புக்கில் இருக்கிற இருபத்து மூன்று, அடுத்த தெரு சங்கிலிமுத்து. அறையும் ஒன்றுதான். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர். “எனக்குக் காய்ச்சல் வந்தா நீ இருமணும்டே” என்று சங்கிலிமுத்து கேலி பண்ணுவானாம். சங்கிலிமுத்துவின் பெண்டாட்டி கருப்பம்மாள் என் கடைக்கு வந்தபோது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வேல்விழியும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு தப்பை ஊரே சேர்ந்து செய்தால் அது பழக்கம் ஆகிவிடுகிறது. பழகின பிறகு யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை.

ஆவணி கடைசியில் ஒரு புதன்கிழமை பதினொன்றரை மணி. வேல்விழி ஒரு பூஜைத் தட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் வந்தது. என் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு என்ன என்று யாரும் கேட்க மாட்டோம், எந்தப் பக்கம் என்றுதான் கேட்போம். சந்தில் போன ஒருவர் அச்சங்குளம் பக்கம் புகை என்றார். அவள் டேப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஸ்கூட்டரை எடுத்தேன். பாதிவழிக்கு மேல் போலீஸ் விடவில்லை.

எட்டுப் பேர் செத்துப்போனார்கள். எட்டும் அந்த ஓர் அறையில். ஆஸ்பத்திரியில் ஆறு பேரைச் சொந்தக்காரர்கள் எப்படியோ அடையாளம் கண்டுவிட்டார்கள். மிச்சம் இரண்டு பேரைப் பார்த்து இன்னார் என்று சொல்ல ஒன்றும் இல்லை. உயரம் ஒன்று, உடம்புவாகு ஒன்று. கழுத்தில் கிடந்த டோக்கன் இரண்டிலும் இருபத்து மூன்று. கருப்பம்மாள் இரண்டு நாளாகப் பிணவறை வாசலில் கிடந்தாள். எதைத் தொட்டு அழுவது என்று தெரியவில்லை அவளுக்கு. கம்பெனி கொடுத்த பட்டியலில் புக்கில் இருந்த ஏழு பேரின் பெயர் மட்டும் இருந்தது, எட்டாவது ஆள் தங்களுக்குத் தெரியாத வெளியாள் என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் முதல் அறிக்கையிலும் அப்படியே எழுதிவிட்டது: அடையாளம் தெரியாத ஆண் ஒருவர்.

ஆஸ்பத்திரிக்கு எதிரில் டீக்கடைப் பக்கம் வேல்விழியைப் பாண்டிச்செல்வம் தனியே கூப்பிட்டார். நான் கூடப் போனேன்.

“ஏத்தா வேலு, நான் சொல்றதக் கேளு. ஒம் புருஷன் சங்கிலிமுத்தப் பாக்க உள்ள வந்தாருன்னு சொல்லிரு. சோறு கொடுக்க வந்தாரு, அம்புட்டுத்தான். மொதலாளி உன்னியக் கைவிட மாட்டாரு. டோக்கன் கீக்கன்னு வாயத் தொறந்தா, அத வெட்டுன கை யாருதுன்னுதான் மொதல்ல கேப்பாக. பாத்துக்க.”

“வேலைக்குப் போன மனுசன சோத்துச்சட்டி தூக்கிட்டுப் போனவருன்னு சொல்லச் சொல்றீக” என்றாள் வேல்விழி. குரல் ஏறவே இல்லை. “விடிகாலம் எந்திரிச்சு, மருந்து ரூம்புக்குப் பருத்திதான் ஆகும்னு, இருக்கிற ஒரே பருத்திச் சட்டையக் காயவச்சுப் போட்டுட்டுப் போனாரு அண்ணாச்சி. செத்ததுக்கு அப்புறமும் அவரக் கருவேலங்காட்டுல போயி உக்காரச் சொல்றீகளா?”

அவள் நேரே உள்ளே போனாள்.

விசாரணைக்கு வந்திருந்த அதிகாரி இரண்டு டோக்கனையும் மேசையில் ஒரு காகிதத்தின்மேல் வைத்திருந்தார். கரி பிடித்திருந்தது. தொடலாமா என்று கேட்டுவிட்டு, முந்தானையால் இரண்டையும் துடைத்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தாள். மற்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். அவளுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எனக்கு அப்போது அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது.

“இது சுத்தமா எறங்கியிருக்கு. மொத செட்டு. சங்கிலிமுத்து அண்ணன். இதப் பாருங்க சார், ஓரமெல்லாம் பிசிறு. அப்ப முனை மழுங்கிப் போச்சு. இது ரெண்டாவது செட்டு. இதான் எங்க வீட்டுக்காரரு.”

“ரெண்டாவது செட்டுன்னா?”

சொல்லாமல் இருந்தால் இரண்டு பேரையும் இன்னும் எத்தனை நாள் பிணவறை ஐஸ் பெட்டியிலேயே வைத்திருப்பார்களோ தெரியாது. சொன்னால் தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போடுவது. அவளுக்கு இரண்டும் தெரியும். ஒன்றிலிருந்து அறுபது வரை ஒவ்வொன்றிலும் இரண்டு, நான்தான் போட்டேன், போடச் சொன்னது போர்மேன், லேப்டாப்பில் எல்லாம் இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அதிகாரி எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் கருப்பம்மாள் அவள் காலைக் கட்டிக்கொண்டு, “எம் மனுசன எனக்குக் கொடுத்துட்டியே தாயி” என்று கதறினாள். அன்று மதியம் அச்சங்குளத்து மயானத்தில் இரண்டு இருபத்து மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தார்கள்.

முனியராஜ் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்துத்தான் செத்தான் என்று காகிதத்தில் ஏற வேண்டும். அதன்பிறகு வேல்விழிக்கு இருந்தது இந்த ஒரே பிடிவாதம்தான். பணம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்றுகூட ஒருநாள் சொன்னாள். பட்டியலில் எட்டாவது இடத்தில் ‘அடையாளம் தெரியாத ஆண்’ என்று இருப்பதை எடுத்துவிட்டு அவன் பெயரை எழுத வேண்டும். அடையாளம் சொல்லியாயிற்று, பிணத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியாயிற்று, எரித்தாயிற்று. ஆனால் முதல் நாள் எழுதியதைத் திருத்த ஒருவருக்கும் கை வரவில்லை. மனு எழுதினாள். ஐந்து மனு. எல்லாவற்றையும் நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை என்று பதில் வந்தது. பதிவேட்டில் பெயர் இல்லாத ஆட்களை வைத்து வேலை வாங்கினார்கள் என்பதுதானே அவள் மனுவே. அதற்கும் அதே பதில்தான்.

யாராவது இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் எடுபடும் என்று ஒரு வக்கீல் சொன்னார். முதலில் கருப்பம்மாளிடம் போனாள். கருப்பம்மாள் வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசினாள்.

“எனக்கு ஒண்ணுந் தெரியாது வேலு.”

“என்ன மதினி சொல்றீக? ஒரே ரூம்புல இருந்தாகன்னு சொல்லிச் சிரிச்சது நீங்கதான?”

“சிரிச்சது வேற, கையெழுத்து வேற. எம் மகளுக்கு ஆபீஸ்ல வேலை போட்டுத் தாரோம்னு சொல்லியிருக்காக. எனக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்குத்தா. நீயே போட்ட டோக்கன், நீயே பட்டுக்கோ.”

வேல்விழி இதை என்னிடம் சொன்னபோது கருப்பம்மாளைத் திட்டவில்லை. நான் திட்டினேன். நன்றிகெட்டவள், அவள் மட்டும் விளங்குவாளா என்று எகிறினேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சரிண்ணே, நீங்க போடுங்க” என்று மனுவை என் பக்கம் தள்ளினாள். “அறுபது பேரு புக்க நீங்கதான ஜெராக்ஸ் எடுத்தீக. நூத்தியிருபது டோக்கன் இந்த மேசையில காஞ்சதையும் நீங்க பாத்தீக.”

அன்று நான் சொன்ன வார்த்தையை எழுதத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். “நான் காப்பி எடுக்கிறவன்மா. எதையும் படிச்சுப் பாக்கிறதில்ல” என்றேன். என் கடைக்கு வருகிற வருமானத்தில் முக்கால்வாசி கம்பெனிக் காகிதங்கள். அவற்றை நிறுத்திவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். இதுதான் காரணம், வேறு நியாயம் ஒன்றும் என்னிடம் இல்லை. அவள் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறமும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் போலீஸ் வந்து மெஷினையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனது. ஒட்டி வைத்திருந்த தகட்டைக்கூட விடவில்லை, யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் பெயர் பாதி கீறியபடி அதுவும் ஜீப்பில் ஏறியது. மூலை காலியானது. வேல்விழி பக்கத்து ஊரில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிற வேலைக்குப் போனாள். கம்பெனி மூன்று மாசம் பூட்டிக் கிடந்தது. பிறகு வேறு பெயரில் வேறு ஒருவர் குத்தகைக்கு எடுத்து நடத்துவதாக போர்டு மாட்டினார்கள். பாண்டிச்செல்வம் ஜாமீனில் வந்து, பழையபடி பதிவேட்டோடு என் கடைக்கு வந்தார். நான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

குற்றப்பத்திரிகை நகலைக் கோர்ட்டில் கொடுத்த அன்று வேல்விழி நேராகக் கடைக்கு வந்தாள். நாற்பத்தாறு பக்கம். அவளுக்கு முதலில் பார்க்க வேண்டியிருந்தது செத்தவர்கள் பட்டியல். விரல் வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினாள். ஏழாவது சங்கிலிமுத்து. எட்டாவது, அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் முப்பத்தைந்து. முனியராஜுக்கு அப்போது முப்பத்தெட்டு. அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

“வயசக்கூடச் சரியாப் போடல” என்றாள்.

பிறகு குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலைத் திருப்பினாள். முதலாளி பெயர் இல்லை. முதல் எதிரி பாண்டிச்செல்வம். இரண்டாவது எதிரியாக, கம்பெனியைக் குத்தகைக்கு எடுத்திருந்ததாகச் சொல்லி, எப்போதோ செத்துப்போன ஒருவரைக் கண்டுபிடித்திருந்தார்கள். மூன்றாவது எதிரி, பதிவேட்டில் இல்லாத ஆட்களை உள்ளே விடுவதற்கு உதவியாகப் போலி டோக்கன் தயாரித்தவர். வேல்விழி, வயது முப்பத்து மூன்று, கணவர் பெயர் லேட் முனியராஜ்.

அவள் விரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. நாற்பத்தாறு பக்கத்திலும் அவன் பெயர் அந்த ஓர் இடத்தில்தான் இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுவாள் என்று நினைத்தேன்.

“அண்ணே, அவரு பேரு இருக்கு.”

“ம்.”

“செத்துட்டாருன்னும் அவுகளே போட்டிருக்காக பாருங்க. எங்கன செத்தாருன்னு இனி அவுகளத்தான் கேக்கணும். இந்தப் பக்கத்த அடுத்த மனுவோட சேத்துருவோம்.”

தாளை வாங்கிக் கண்ணாடிமேல் வைத்தேன். தாள் கோணிவிட்டது. அவள் எட்டி வந்து அதை நேராக நகர்த்தி வைத்தாள்.

“பேரு தெளிவா வரணும்ண்ணே. மங்கலா வந்தா இன்னொரு தடவ போடுங்க.”

மூன்று தடவை போட்டேன்.